தத்துக் குழந்தையும் சட்டத்தின் துணையும்

(பொம்மசந்திராவில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் தாலுகாவில் அமைந்துள்ளது பொம்மசந்திரா. கேழ்வரகு விளைந்த நிலங்களில் இன்று தொழிற்கூடங்களும் பெரிய மருத்துவமனைகளும் எழுந்து நிற்கின்றன. 2025 ஆகஸ்டு முதல் நகர மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடமும் இவ்வூர் வரை வருகிறது. அத்திப்பள்ளி எல்லைக்கு அப்பால் உள்ள கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்தும், வட கர்நாடகத்திலிருந்தும், பீகார், ஒடிசா போன்ற தொலைவான மாநிலங்களிலிருந்தும் உழைக்க வந்தோர் இங்கு வாழ்கின்றனர். தகப்பனும் தாயும் பிள்ளைகளும் ஒற்றை அறையில் குடியிருக்க, பாட்டனும் பாட்டியும் சொந்த ஊரில் தங்கிவிட்ட குடும்பங்கள் பல.

இத்தகைய ஊரில் தத்தெடுத்தலைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. கிராமத்தில் ஒருவர் ஒரு குழந்தையைத் தத்தெடுத்தால் அதை ஊரே அறியும். யார் பெற்றது, யார் கொடுத்தது, எந்த நாளில் மடியில் வைத்து வாங்கியது என்பதெல்லாம் பங்காளிகளின் நினைவில் இருக்கும். பிற்காலத்தில் வழக்கு எழுந்தால் பத்துப் பேர் சாட்சி சொல்ல வருவர். வாடகை வீட்டில் குடியிருக்கும் தொழிலாளிக்கு அந்தச் சாட்சி இல்லை. அண்டை வீட்டார் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றனர். ஊர் சுமந்து வந்த நினைவை இங்கு ஓர் ஆவணமே சுமந்தாக வேண்டும். அவ்வாவணம் இல்லாத குழந்தை, அன்புக்குக் குறைவின்றி வளர்ந்தாலும், உரிமை கேட்டு நிற்கும் நாளில் வெறுங்கையோடு நிற்க நேரிடும். அந்த ஆவணத்தைச் சட்டம் எவ்வாறு தருகிறது, அதைப் பெறுவதற்கு என்ன துணை உள்ளது என்பவையே இவ்வுரையின் பொருள்.

குலத்துக்காகத் தத்து

பழங்காலத்தில் சுவீகாரம் என்பது குலம் தொடர்வதற்கும், நீத்தார் கடன் செய்வதற்கும், சொத்து கைமாறாமல் இருப்பதற்கும் ஏற்பட்ட வழக்கமாகும். தத்தெடுக்கப்பட்டது ஆண் குழந்தை, தத்தெடுத்தவர் ஆண்மகன். குழந்தையின் நலம் என்பது அதன் மையப் பொருளாக இருக்கவில்லை. இராமநாதபுரம் சேதுபதி மறைந்தபின் அவருடைய மனைவி செய்த சுவீகாரம் செல்லுமா என்ற வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1868இல் முடிவுற்றது. கணவனின் அனுமதி இல்லாவிடினும் சபிண்டர்களின் இசைவோடு விதவை தத்தெடுக்கலாம் என்ற விதி தென்னாட்டில் அவ்வழக்கினால் உறுதிப்பட்டது. தன் விருப்பத்தால் மட்டும் ஒரு குழந்தைக்குத் தாயாகும் உரிமை அன்றைய பெண்ணுக்கு இல்லை என்பதையும் அவ்வழக்கு காட்டுகிறது.

அரண்மனைகளுக்கும் இதே சிக்கல் இருந்தது. தத்துப் பிள்ளையை வாரிசாக ஏற்க மறுத்து 1848இல் சதாராவையும் 1854இல் ஜான்சியையும் கம்பெனி ஆட்சி தன் ஆளுகையில் சேர்த்துக்கொண்டது. மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1865இல் சாமராஜேந்திர உடையாரைத் தத்தெடுத்தார். 1867இல் ஆங்கில அரசு அதை ஏற்றது. 1881இல் ஆட்சி மீண்டும் மைசூர் அரச குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தப் பெங்களூர்ச் சீமையின் வரலாறே ஒரு தத்து ஏற்கப்பட்டதைப் பொறுத்து அமைந்தது எனலாம். மன்னர் வீட்டுப் பிள்ளைக்கே ஏற்பு தேவைப்பட்டது என்றால், எளியவர் வீட்டுப் பிள்ளைக்கு அது எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

1956ஆம் ஆண்டுச் சட்டம்

விடுதலைக்குப் பின் 1956இல் இயற்றப்பட்ட இந்து தத்தெடுத்தல் மற்றும் பராமரிப்புச் சட்டம் இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. இந்துக்களுடன் பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கும் இது பொருந்தும். பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றும், மணமாகாத பெண்ணும் விதவையும் தம் பெயரிலேயே தத்தெடுக்கலாம் என்றும் இச்சட்டம் வகுத்தது. மணமான ஆண் தத்தெடுக்க மனைவியின் சம்மதம் தேவை என்றும் விதித்தது. மணமான பெண்ணும் கணவனின் சம்மதத்தோடு தத்தெடுக்கலாம் என்ற உரிமை 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் கிடைத்தது.

இச்சட்டத்தின் நிபந்தனைகள் சிலவற்றை அலுவலர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். வழக்காறு வேறாக இருந்தாலன்றி, குழந்தை 15 வயது நிரம்பாததாகவும் மணமாகாததாகவும் இருத்தல் வேண்டும். மகனைத் தத்தெடுப்பவருக்கு உயிரோடு மகனோ, மகன்வழிப் பேரனோ, கொள்ளுப் பேரனோ இருத்தல் கூடாது. மகளைத் தத்தெடுப்பவருக்கு மகளோ மகன்வழிப் பேத்தியோ இருத்தல் கூடாது. எதிர்ப்பாலினக் குழந்தையாயின் 21 வயது வேறுபாடு வேண்டும். தத்துக் கொடுக்கும் உரிமை தந்தைக்கும் தாய்க்குமே உண்டு. அவர்கள் இறந்துவிட்டாலோ, குழந்தையைக் கைவிட்டாலோ, பெற்றோர் இன்னார் எனத் தெரியாவிடினோ பாதுகாவலர் நீதிமன்றத்தின் முன் அனுமதி பெற்றே கொடுக்க இயலும். தத்து ஹோமம் கட்டாயமன்று. ஆனால் குழந்தையை உண்மையாகவே கொடுத்தலும் வாங்குதலும் நிகழ்ந்திருக்க வேண்டும். பணமோ வேறு கைம்மாறோ பெறுதல் குற்றமாகும்.

பத்திரப் பதிவு இச்சட்டத்தின்படி கட்டாயமன்று. எனினும் கொடுத்தவரும் வாங்கியவரும் கையொப்பமிட்ட பத்திரம் பதிவு செய்யப்பட்டிருப்பின், தத்து சட்டப்படி நிகழ்ந்தது என்றே நீதிமன்றம் கொள்ளும். பொய்யென்று மெய்ப்பிக்கும் பொறுப்பு மறுப்பவரைச் சாரும். பத்திரம் இல்லையெனில் அந்தச் சுமை முழுவதும் குழந்தையின் தலையில் விழும். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு நாள் செலவிடுவதன் பயன் இதுவேயாகும்.

எல்லாச் சமயத்தினருக்கும் உரிய வழி

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே முஸ்லிம், கிறிஸ்தவ, பார்சிக் குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்கு 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டம் ஒன்றே துணையாக இருந்தது. அதன்கீழ்க் குழந்தைக்குப் பாதுகாவலர் ஆகலாம்; பெற்றோர் ஆக இயலாது. குழந்தைக்கு உரிய வயது வந்ததும் அவ்வுறவு சட்டத்தின் கண்ணில் முடிந்துவிடும், வாரிசுரிமையும் இல்லை. அனைவருக்கும் பொதுவான தத்துச் சட்டம் இயற்ற 1972இலும் 1980இலும் கொண்டுவரப்பட்ட மசோதாக்கள் நிறைவேறவில்லை.

இக்காலத்தில் வெளிநாட்டினர் இந்தியக் குழந்தைகளை அழைத்துச் செல்வதில் நிகழ்ந்த முறைகேடுகளைச் சுட்டி ஒரு வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. லட்சுமி காந்த் பாண்டே வழக்கு எனப் பெயர்பெற்ற அதில் 1984 பிப்ரவரியில் நீதிபதி பகவதி அளித்த தீர்ப்பு, குழந்தையின் நலனே தலையாயது என்ற கொள்கையை நிலைநாட்டி விரிவான நெறிகளை வகுத்தது. அதன் தொடர்ச்சியாக 1990இல் மத்தியத் தத்தெடுப்பு ஆதார அமைப்பு தோன்றியது. இன்று ‘காரா’ என்ற சுருக்கப் பெயரால் அது அறியப்படுகிறது.

2000ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் சமய வேறுபாடின்றித் தத்தெடுக்க வழி திறந்தது. 2006ஆம் ஆண்டுத் திருத்தம் அதைத் தெளிவாக்கியது. ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எச்சமயத்தைச் சேர்ந்தவரும் இச்சட்டத்தின்கீழ்த் தத்தெடுக்கலாம் என்றும், விரும்பாதவரை அது கட்டாயப்படுத்தவில்லை என்றும் விளக்கியது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்று, காராவுக்குச் சட்டபூர்வ நிலையை அளித்தது. ஒரு காலத்தில் குலத்துக்குப் பிள்ளை தேடிய வழக்கம், பிள்ளைக்குக் குடும்பம் தேடும் ஏற்பாடாக மாறியது இவ்வாறே.

தொழிலாளர் குடும்பத்தில் எழும் கேள்வி

சட்டத்தின் வரலாற்றை அறிவதோடு அதன் பொருளாதாரப் பயனையும் காண வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு தொழிற்சாலையில் பணிபுரியும் தொழிலாளியைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவருக்குப் பிள்ளை இல்லை. ஊரில் உள்ள தமையனுக்கு நான்கு பிள்ளைகள். கடைசிப் பெண் குழந்தை இரண்டு வயதில் இவர் வீட்டுக்கு வருகிறது; ‘அப்பா’ என்றே அழைக்கிறது. பள்ளியிலும் தகப்பன் பெயர் இவருடையதாகவே எழுதப்படுகிறது. பத்திரம் எழுதப்படவில்லை, உடன்பிறந்தார் நடுவே எழுத்து எதற்கு என்று இருவருமே கருதுகின்றனர். பத்தாண்டுகள் கழித்து அத்தொழிலாளி விபத்தில் இறந்துவிடுகிறார்.

அந்நாளில் அப்பெண்ணின் நிலை என்ன? தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948, தன்னைச் சார்ந்தோர் என்ற சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்தில் தத்தெடுத்த மகனையும் மகளையும் பெற்ற பிள்ளைகளோடு ஒருங்கே வைத்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் அவ்வாறே கொண்டது. பணிக்கொடைச் சட்டமும் சட்டப்படி தத்தெடுத்த குழந்தையைக் குடும்பத்தில் சேர்த்தது. இச்சட்டங்களை ஒன்றுசேர்த்த 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் தத்துப் பிள்ளையை விலக்கவில்லை. ஆயினும் இவை அனைத்தும் சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட குழந்தையைப் பற்றியே பேசுகின்றன. அன்போடு வளர்க்கப்பட்ட குழந்தை என்ற பிரிவு எந்தச் சட்டத்திலும் இல்லை. அலுவலகத்தின் முதற்கேள்வி தத்துப் பத்திரம் எங்கே என்பதாகவே இருக்கும். அக்கேள்வியைக் கேட்கும் எழுத்தரைக் குறைகூற இயலாது. அவர் விதியின்படியே கேட்கிறார். பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயரும் பிறப்புச் சான்றிதழில் வேறொரு பெயரும் இருக்குமாயின் சிக்கல் மேலும் பெருகும்.

அத்தொழிலாளியின் எஞ்சிய சேமிப்புக்கும் வீட்டுமனைக்கும் வாரிசு யார் என்ற கேள்வியும் தொடரும். கொடுத்தபோது மகிழ்ந்த உறவினரே பங்கு கேட்டு வரக்கூடும். ஒரு சிறு பதிவுச் செலவைத் தவிர்த்ததனால் ஒரு பெண்ணின் கல்வியும் எதிர்காலமும் ஈடுகாட்டப்பட்டுவிடுகின்றன. தத்து ஆவணத்தை ஒரு சமூகப் பாதுகாப்புக் கருவி என்று கொள்வதே பொருத்தமாகும்.

கையோடு கை மாறுவதன் தீங்கு

உறவினரிடையே நிகழ்வது கவனக்குறைவு. அன்னியரிடையே நிகழ்வதோ பெரும்பாலும் குற்றமாகிவிடுகிறது. பிள்ளைப்பேற்றுக்கு வந்த ஆதரவற்ற தாயிடமிருந்து குழந்தையை வாங்கிப் பிள்ளையில்லாத தம்பதியரிடம் சேர்ப்பிக்கும் இடைத்தரகர்கள் பல நகரங்களில் பிடிபட்டுள்ளனர். 2019இல் நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தில் இத்தகைய விற்பனை வெளிப்பட்டுக் கைதுகள் நிகழ்ந்ததைத் தமிழ்நாடு நன்கு அறியும். சில இடங்களில் வாங்கியவர் பெயரையே பெற்றவர் பெயராக எழுதிப் பிறப்புச் சான்றிதழ் பெறப்படுகிறது. அதனால் குழந்தைக்கு உறவு கிடைத்துவிட்டதாகச் சிலர் எண்ணுகின்றனர். உண்மையில் பொய்யின் மேல் எழுப்பிய அவ்வுறவு எந்நாளிலும் சரியக்கூடும்.

2023ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் முதல் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், கடவுச்சீட்டு முதலியவற்றில் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றிதழே. அதில் பொய் புகுந்தால் வாழ்நாள் முழுவதும் அப்பொய் தொடரும்.

கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் முடிவு செய்த ஒரு வழக்கு கருதத்தக்கது. குழந்தை பிறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னரே, அதைக் கொடுப்பதாகவும் வாங்குவதாகவும் இரு தம்பதியர் 2020இல் ஒப்பந்தம் எழுதிக்கொண்டனர். இரு குடும்பங்களும் வெவ்வேறு சமயத்தைச் சேர்ந்தவை. பிறவாத குழந்தையைத் தத்துத் தரும் ஒப்பந்தம் சட்டம் அறியாத ஒன்று என்று நீதிமன்றம் கூறி, வாங்கியோரின் கோரிக்கையை மறுத்தது. முத்திரைத்தாளில் எழுதிவிட்டால் எதுவும் செல்லும் என்ற எண்ணம் மக்களிடையே பரவலாக உள்ளது. அவ்வெண்ணத்தை நீக்குவது அலுவலர்களின் கடமையாகும்.

2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80ஆம் பிரிவு, ஆதரவற்ற, கைவிடப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட குழந்தையை முறைப்படியன்றித் தத்துக் கொடுத்தாலோ பெற்றாலோ மூன்று ஆண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. 81ஆம் பிரிவின்படி குழந்தையை விற்றலுக்கும் வாங்கலுக்கும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் அபராதமும் உண்டு. மருத்துவமனைப் பணியாளர் அதில் ஈடுபட்டால் தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை செல்லும்.

தாய்க்கும் சட்டம் துணை

வளர்க்க இயலாத நிலையில் உள்ள தாயை இச்சட்டம் குற்றவாளியாகக் காண்பதில்லை. அவர் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்து, உடல், மன, சமூகக் காரணங்களைக் கூறி, குழந்தையை ஒப்படைக்கலாம். குழு விசாரித்து ஆலோசனை வழங்கிய பின்னரே ஒப்படைப்புப் பத்திரம் எழுதப்படும். மனம் மாறிக் குழந்தையைத் திரும்பப் பெற அவருக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. அவருடைய அடையாளம் வெளியிடப்படமாட்டாது. தம் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட சூழ்நிலையால் பெற்றோர் குழந்தையைக் கைவிட நேர்ந்தால் அது வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளப்படாது என்றும் சட்டம் கூறுகிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்திற்கும் இவ்விதிகளுக்கும் உள்ளக்கருத்து ஒன்றே: குழந்தை உயிரோடு அரசின் கைக்கு வந்து சேர்தல் வேண்டும், தாய் அச்சத்தால் இருளில் மறைதல் கூடாது.

தனித்துவிடப்பட்ட குழந்தையைக் கண்டவர் 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் உதவி எண் 1098க்கோ, காவல் நிலையத்திற்கோ, குழந்தைகள் நலக் குழுவிற்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிற்கோ தெரிவித்தல் வேண்டும். இரக்கத்தால் தாமே வைத்துக்கொள்ளுதலும் சட்டத்தின்படி தவறாகும். ஏனெனில் அக்குழந்தையைத் தேடிப் பெற்றோர் எங்கேனும் அலைந்துகொண்டிருக்கலாம்.

நடைமுறை

குழந்தைகள் நலக் குழு பெற்றோரைத் தேடி விசாரித்த பின்னர், தத்துக்குத் தடையற்ற குழந்தை என அறிவிக்கிறது. இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு இரண்டு மாதத்திலும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு நான்கு மாதத்திலும் இவ்விசாரணை முடிய வேண்டும். தத்தெடுக்க விரும்புவோர் காராவின் இணையப் பதிவில் தம் விவரங்களைப் பதிவு செய்கின்றனர். அவர்கள் வசிக்குமிடத்திலேயே சமூகப் பணியாளர் வந்து வீட்டுச் சூழலை ஆய்வு செய்கிறார். கிருஷ்ணகிரியைச் சேர்ந்தவர் பொம்மசந்திராவில் வாழ்ந்தால் அவருக்கு ஆய்வு இங்கேயே நடைபெறும். சொந்த வீடு வேண்டும் என்ற விதி இல்லை. உடல்நலம், மனவுறுதி, குழந்தையைப் பேணும் வருவாய் ஆகியவையே பார்க்கப்படுகின்றன.

2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, மணமானவர்கள் குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்வு உடையவராய் இருத்தல் வேண்டும். இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குத் தம்பதியரின் வயதுகளைக் கூட்டினால் 85க்கு மிகாமலும், தனித்து வாழ்பவர் 40 வயதுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். குழந்தையின் வயது கூடுமளவிற்கு இவ்வரம்பும் கூடும். பெற்றோருக்கும் குழந்தைக்கும் 25 வயது வேறுபாடு வேண்டும். தனித்து வாழும் பெண் எக்குழந்தையையும் தத்தெடுக்கலாம்; தனித்து வாழும் ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க இயலாது. வேலைக்குச் செல்லும் பெண் என்ற காரணத்தால் ஒருவருக்குத் தத்து மறுக்கப்பட்டபோது, அம்மறுப்பு செல்லாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. தொழிற்கூடங்களில் பணிபுரியும் பெண்கள் மிகுந்த இவ்வூருக்கு அத்தீர்ப்பு பொருந்துவதாகும்.

வரிசை முறைப்படி ஒரு குழந்தையின் விவரம் பெற்றோருக்கு அனுப்பப்பட்டால், 48 மணி நேரத்திற்குள் அவர்கள் விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டும். இவ்வாறு மூன்று வாய்ப்புகள் உண்டு. ஏற்றபின் குழந்தை அவர்கள் வீட்டுக்குத் தத்துக்கு முந்திய பராமரிப்பில் வந்துவிடுகிறது. முன்னர் ஆணை வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்திடம் இருந்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2022 செப்டம்பர் முதல் அது மாவட்ட ஆட்சியரிடம், கர்நாடக வழக்கில் கூறினால் மாவட்டத் துணை ஆணையரிடம், உள்ளது. விசாரணை மூடிய அறையில் நடைபெறும். இரண்டு மாதத்தில் முடிதல் வேண்டும். விண்ணப்பத்தைத் தத்தெடுப்பு நிறுவனமே அளிப்பதால் தனியே வழக்கறிஞரை அமர்த்த வேண்டிய தேவை இல்லை. விதிக்கப்பட்ட கட்டணத்திற்கு மேல் நன்கொடை என்ற பெயரில் எதுவும் கேட்கலாகாது. ஆணை பிறந்தபின் தத்துப் பெற்றோரின் பெயரோடு பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். இரண்டு ஆண்டு வரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை குழந்தையின் நலம் பார்வையிடப்படும்.

உறவினர் குழந்தையைத் தத்தெடுப்பதற்கும் இச்சட்டத்தில் எளிய வழி உண்டு. பெரியப்பன், சித்தப்பன், அத்தை, மாமன், பெரியம்மை, சின்னம்மை, இருவழிப் பாட்டன் பாட்டியர் ஆகியோரே இங்கு உறவினர் எனப்படுவர். இவர்கள் பெற்றோரின் இசைவோடோ, உரிய நேர்வில் குழுவின் அனுமதியோடோ நேராக விண்ணப்பிக்கலாம். முன்னர்க் கூறிய தொழிலாளி, தமையன் மகளை 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுப் பத்திரத்தாலோ, 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியரின் ஆணையாலோ தம் மகளாக்கிக்கொண்டிருக்க இயலும். இரு வழிகளிலும் பலன் ஒன்றே. பிறந்த குடும்பத்தோடு இருந்த சட்ட உறவு மாறி, புதிய குடும்பத்தில் பெற்ற பிள்ளைக்குரிய உரிமைகள் அனைத்தும் வந்து சேரும். குழந்தைக்கு முன்னரே உரிமையான சொத்து அதனிடமே நிற்கும்.

சட்ட உதவி பெறும் இடம்

1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இலவச உதவி பெறத் தக்கோரைப் பட்டியலிடுகிறது. பெண்களும் குழந்தைகளும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அதில் உள்ளனர். தொழிற்சாலைத் தொழிலாளரும் அப்பட்டியலில் உள்ளார் என்பது இவ்வூரில் பலர் அறியாத செய்தியாகும். இவர்களுக்கு வருமான வரம்பு பார்க்கப்படுவதில்லை. ஆனேக்கல் தாலுகா சட்டப் பணிகள் குழுவையோ, மாவட்ட ஆணைக்குழுவையோ அணுகினால் வழக்கறிஞரின் ஆலோசனையும், ஆவணம் எழுத உதவியும், நீதிமன்றத்தில் வாதிடும் பணியும் கட்டணமின்றிக் கிடைக்கும். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம். பல ஆண்டுகளுக்கு முன் பத்திரமின்றி வளர்க்கத் தொடங்கிய குழந்தையின் நிலையைச் சீர்செய்ய விரும்புவோர் முதலில் செல்ல வேண்டிய இடமும் இதுவே.

பணியிடத்திலும் சில உரிமைகள் உள்ளன. 2017ஆம் ஆண்டு மகப்பேற்று நலத் திருத்தச் சட்டம், மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும் தாய்க்கு 12 வார ஊதிய விடுப்பு அளித்தது. மத்திய அரசின் பெண் ஊழியர், உயிருடன் உள்ள குழந்தைகள் இருவருக்குக் குறைவாக இருப்பின், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும்போது 180 நாட்களும், ஆண் ஊழியர் 15 நாட்களும் விடுப்புப் பெற விதிகள் இடமளிக்கின்றன. மூன்று மாத வரம்பு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளானதும் இயல்பே. கைவிடப்பட்ட குழந்தை தத்துக்குத் தடையற்றது என அறிவிக்கப்படுவதற்கே இரண்டு மாதம் ஆகக்கூடும். ஒப்படைக்கப்பட்ட குழந்தைக்கும் இரண்டு மாத அவகாசம் உண்டு. அதன்பின் மூன்று மாதத்திற்குள் குழந்தை ஒரு வீட்டை அடைவது அரிது. ஒரு சட்டம் தரும் நலனை மற்றொரு சட்டத்தின் கால அளவு எட்டாத இடத்தில் வைத்துவிட்டது.

எஞ்சியுள்ள பணி

2023–24இல் காராவின் வழியே 4,009 குழந்தைகளும், 2024–25இல் 4,515 குழந்தைகளும் தத்தளிக்கப்பட்டனர். பின்னைய ஆண்டில் 4,155 பேர் உள்நாட்டுக் குடும்பங்களை அடைந்தனர். ஆயினும் பதிவு செய்து காத்திருக்கும் பெற்றோர் முப்பதினாயிரத்திற்கும் மேற்பட்டவர்; காத்திருப்பு மூன்று ஆண்டுகளைத் தாண்டுகிறது. மறுபுறம் ஐந்து வயதைக் கடந்த குழந்தைகளும், உடல், மனக் குறைபாடுள்ள குழந்தைகளும், பிரிக்க இயலாத உடன்பிறப்புகளும் இல்லங்களிலேயே தங்கிவிடுகின்றனர். பெற்றோர் பலர் கைக்குழந்தையையே விரும்புவது ஒரு காரணம். இல்லங்களில் உள்ள குழந்தைகள் பலர் தத்துக்குரியவர் எனக் கண்டறியப்படாமலே இருப்பது மற்றொரு காரணம். இக்குறையைக் கருதியே 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இரண்டு மாதத்திற்கு ஒருமுறை ஒவ்வொரு மாவட்டத்திலும் இத்தகைய குழந்தைகளைக் கண்டறிந்து பதிவு செய்யுமாறு மாநிலங்களைப் பணித்தது.

நீண்ட காத்திருப்பே தரகரின் முதலீடு என்பதை மறத்தலாகாது. குழுக்களின் விசாரணை ஒரு மாதம் தாமதமானால், அவ்வொரு மாதம் குழந்தையின் வாழ்விலிருந்து கழிகிறது. கோப்பில் அது ஒரு குறிப்பு; தொட்டிலில் அது ஒரு பருவம்.

இங்கு கூடியுள்ள அலுவலர்கள் செய்யத்தக்கவை அரியன அல்ல. ஆலைகளில் காப்பீட்டுப் பதிவு செய்யும்போதே, வீட்டில் வளரும் குழந்தைக்குத் தத்துப் பத்திரம் உண்டா என்று பரிவோடு வினவலாம். இல்லையெனில் சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்பலாம். மருத்துவமனைகளின் மகப்பேற்றுப் பிரிவுகளிலும் பேருந்து நிலையங்களிலும் கன்னடம், தமிழ், இந்தி, ஒடியா மொழிகளில் அறிவிப்புகள் வைக்கலாம். மாணவர்கள் தம் தெருக்களில் இச்செய்தியைப் பரப்பலாம். தத்துக் குழந்தையிடம் உண்மையைக் காலத்தே கூற வேண்டும் என்பதையும் பெற்றோருக்கு எடுத்துரைக்கலாம். தன் பிறப்பின் வேரை அறிய விரும்பும் உரிமையைச் சட்டமும் அக்குழந்தைக்கு அளித்துள்ளது.

குழந்தையை நெஞ்சோடு அணைக்க எந்தச் சட்டமும் கற்றுத்தர வேண்டியதில்லை. அதை வீடுகள் அறியும். அணைத்த கை ஒரு நாள் இல்லாமற்போனாலும் குழந்தை நிலைகுலையாமல் காப்பதே சட்டத்தின் பணி. ஊரை விட்டு வந்தோர் ஊரின் சாட்சியையும் விட்டு வந்துள்ளனர். அந்தச் சாட்சியாக அரசு அலுவலகம் நிற்குமாயின், பொம்மசந்திராவின் ஒற்றை அறைகளில் வளரும் பிள்ளைகளும் தம் உரிமையைத் தலைநிமிர்ந்து கேட்பர்.